ஐபோன் வேகக்குறைப்புச் சர்ச்சை

ஐபோன் வேகக்குறைப்புச் சர்ச்சை என்பது, ஆப்பிள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு மென்பொருள் இற்றைப்படுத்தல்கள், மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைப் பயனர்களுக்குத் தெரிவிக்காமலே குறைத்ததனால் எழுந்த சர்ச்சை ஆகும். வாட்டர்கேட் ஊழலின் பெயரைப் பின்பற்றி, ஊடகங்கள் இதனைப் "பேட்டரிகேட்" என்று அழைத்தன.

வேகக்குறைப்புக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. பழைய திறன்பேசிகள் பயன்பாட்டின் நடுவே திடீரென அணைந்துபோவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என நிறுவனம் விளக்கியது. ஆனால் அவ்விளக்கம் முதல் இற்றைப்படுத்தல் வெளியாகி ஏறத்தாழ 11 மாதங்கள் கழிந்த பின்னரே, அதுவும் வெளியார் ஒருவரின் ஆய்வு வெளிவந்த பிறகே கிடைத்தது. விற்கப்பட்டுவிட்ட ஒரு கருவியின் இயல்பை அதன் உரிமையாளர் அறியாமல் உற்பத்தியாளர் மாற்றலாமா என்ற கேள்வியை இந்நிகழ்வு பரவலான விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

பின்னணி

திறன்பேசிகளில் பயன்படுத்தப்படும் லித்தியம் அயனி மின்கலங்கள் வேதிவினையால் இயங்குபவை. ஒவ்வொரு முறை மின்னேற்றப்படும்போதும் இவை சிறிதளவு தேய்கின்றன. 500 முழு மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னரும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் வகையில் அக்கால ஐபோன் மின்கலங்கள் வடிவமைக்கப்பட்டிருந்தன.

தேய்மானத்தால் மின்கலத்தின் கொள்ளளவு குறைவதுடன் அதன் அகமின்தடையும் கூடுகிறது. நுண்செயலி கடினமான வேலையொன்றைச் செய்யும்போது ஒரு கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தைக் கோருகிறது. அகமின்தடை கூடிய மின்கலத்தில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று வீழ்கிறது. வேண்டிய அளவுக்குக் கீழே மின்னழுத்தம் சென்றால், மின்னணுப் பகுதிகளைக் காக்கும் பொருட்டுக் கருவி தானாகவே அணைந்துவிடும். குளிரிலும் அகமின்தடை கூடுவதால் குளிர்காலத்தில் இந்நிலை மேலும் மோசமாகும். திரையில் 30 அல்லது 40 விழுக்காடு மின்னேற்றம் காட்டும் நிலையிலும் பேசி அணைந்துபோகக்கூடும் என்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐபோன் 6, ஐபோன் 6எஸ் பயனர்கள் பலர் இத்தகைய திடீர் அணைவு பற்றி முறையிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் சீன நுகர்வோர் சங்கம் இதுபற்றி ஆராயுமாறு ஆப்பிளைக் கேட்டுக்கொண்டது. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரிக்கப்பட்ட குறிப்பிட்ட சில ஐபோன் 6எஸ் பேசிகளுக்கு இலவசமாக மின்கலம் மாற்றித் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. ஆனால் முறைப்பாடுகள் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை.

இற்றைப்படுத்தல்கள்

2017 சனவரி 23 அன்று ஐஓஎஸ் 10.2.1 வெளியிடப்பட்டது. இதனால் திடீர் அணைவுகள் ஐபோன் 6எஸ் பேசிகளில் 80 விழுக்காடும், ஐபோன் 6 பேசிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துள்ளன என்று அடுத்த மாதம் ஆப்பிள் தெரிவித்தது. அணைவுகள் எவ்வாறு குறைந்தன என்பது விளக்கப்படவில்லை.

உண்மையில் இவ்விற்றைப்படுத்தல் மின்கலத்தின் நிலையைக் கணித்து, அது தாங்கக்கூடிய அளவுக்கு நுண்செயலியின் உச்ச வேகத்தை மட்டுப்படுத்தியது. 2017 டிசம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 11.2 இதே முறையை ஐபோன் 7 பேசிகளுக்கும் விரிவாக்கியது. ஆப்பிள் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, இம்முறை இயங்கும்போது பயனர் காணக்கூடிய மாற்றங்களுள் சில:

- பயன்பாட்டு மென்பொருள்கள் திறக்கக் கூடுதல் நேரம் ஆதல்
- திரையை உருட்டும்போது அசைவு சீராக இல்லாமை
- திரை ஒளி மங்குதல்
- ஒலிபெருக்கியின் ஒலியளவு குறைதல்
- மிக மோசமான நிலையில் ஒளிப்படக்கருவியின் மின்னொளி செயற்படாமை

இம்மாற்றங்கள் அனைத்தும் ஒரு பேசி பழையதாகிவிட்டது என்று பயனர் எண்ணக்கூடிய அறிகுறிகளே. மின்கலத்தை மாற்றினால் வேகம் மீளும் என்பதற்கான எக்குறிப்பும் திரையில் காட்டப்படவில்லை. ஆகவே புதிய மின்கலம் போதுமாக இருந்த இடத்தில் புதிய பேசியையே வாங்கும் நிலை உருவானது என்பது பயனர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு ஆகும்.

வெளிப்பட்ட விதம்

2017 டிசம்பரில் ரெடிட் தளத்தின் பயனர் ஒருவர், தமது ஐபோன் 6எஸ் பேசியின் மின்கலத்தை மாற்றிய பின்னர் அதன் வேகம் பெருமளவு கூடியதாக எழுதினார். கனடாவின் பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜான் பூல், தமது கீக்பெஞ்ச் வேகச் சோதனை மென்பொருள் மூலம் பயனர்களிடமிருந்து திரண்டிருந்த அளவீடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஒரே வகைப் பேசியின் அளவீடுகளை இயங்குதளப் பதிப்புவாரியாகப் பிரித்து வரைபடமாக்கினார். ஐஓஎஸ் 10.2 இல் ஐபோன் 6எஸ் பேசிகளின் அளவீடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. ஐஓஎஸ் 10.2.1 இலிருந்து குறைந்த வேகங்களில் தனித்தனி முகடுகள் தோன்றின. மின்கலத் தேய்மானம் மட்டுமே காரணமாயின் பதிப்பு மாறும்போது இவ்வாறு படிநிலைகள் தோன்றியிரா. மென்பொருளே வேகத்தை மட்டுப்படுத்துகிறது என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது. இம்முடிவுகள் 2017 டிசம்பர் 18 அன்று வெளியாயின. இரு நாட்களுக்குப் பின், டிசம்பர் 20 அன்று, வேகக்குறைப்பு நடைபெறுவதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

பயனர்களின் எதிர்வினை

புதிய வகைப் பேசி வரும்போது பழையது வேண்டுமென்றே மெதுவாக்கப்படுகிறது என்ற ஐயம் பயனர்களிடையே நெடுநாளாக நிலவி வந்தது. சான்று இல்லாததால் அது பெரும்பாலும் வெறும் ஊகமாகவே கருதப்பட்டது. ஆப்பிளின் ஒப்புதல் அந்த ஐயம் முழுவதையும் மெய்ப்பிக்கவில்லை. விற்பனையைப் பெருக்கும் நோக்கத்தோடு எந்தப் பேசியின் ஆயுளையும் தான் குறைத்ததில்லை என்றே நிறுவனம் கூறியது. எனினும் இற்றைப்படுத்தலுக்குப் பின் தம் பேசி மெதுவானது என்று கூறியவர்கள் பிழையாக உணரவில்லை என்பது உறுதியாயிற்று.

ஒப்புதலுக்கு மறுநாளே அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன. சாம்சங், எல்ஜி, எச்டிசி, மோட்டோரோலா ஆகிய நிறுவனங்கள் தாங்கள் மின்கலத்தின் வயதைக் கொண்டு வேகத்தைக் குறைப்பதில்லை என அறிவித்தன.

பயனர்கள் எதிர்கொண்ட மற்றொரு சிக்கல் பின்வாங்க இயலாமை ஆகும். புதிய பதிப்பு வெளியான சில வாரங்களில் பழைய பதிப்பை மீண்டும் நிறுவுவதற்கான ஒப்புதலை ஆப்பிள் நிறுத்திவிடுவதால், இற்றைப்படுத்திய பேசியை முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்ல முடியாது. இற்றைப்படுத்தாமல் இருப்பதும் பாதுகாப்பானது அன்று. ஐபோன் 7 பேசிகளுக்கு வேகக்குறைப்பைக் கொண்டுவந்த அதே ஐஓஎஸ் 11.2, நுண்செயலிகளில் கண்டறியப்பட்ட மெல்ட்டவுன் என்னும் பாதுகாப்புக் குறைபாட்டுக்கான தடுப்பையும் கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பொதியில் வந்தமையால் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும் வாய்ப்பு பயனருக்கு இல்லை. வேகம் குறையும் என்று அஞ்சி இற்றைப்படுத்தல்களைத் தள்ளிப்போடும் பயனரின் பேசி, ஏற்கனவே அறியப்பட்ட தாக்குதல்களுக்குத் திறந்தே கிடக்கும்.

நிறுவனத்தின் நடவடிக்கைகள்

2017 டிசம்பர் 28 அன்று ஆப்பிள் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. ஐபோன் 6 முதலான பேசிகளுக்கு உத்தரவாதக் காலம் கடந்த பின் மின்கலம் மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. இச்சலுகை 2018 இறுதி வரை நீடித்தது.

2018 மார்ச்சில் வெளியான ஐஓஎஸ் 11.3, மின்கலத்தில் எஞ்சியுள்ள கொள்ளளவை விழுக்காடாகக் காட்டும் வசதியைச் சேர்த்தது. பேசி ஒருமுறை திடீரென அணைந்த பின்னரே வேகக்குறைப்பு தொடங்கும் எனவும், பயனர் விரும்பினால் அதனை நிறுத்திவிடலாம் எனவும் மாற்றப்பட்டது. 2019 சனவரியில், எதிர்பார்த்ததைவிட வருவாய் குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் சுட்டிய காரணங்களுள் குறைந்த விலை மின்கல மாற்றமும் ஒன்றாகும்.

சட்ட நடவடிக்கைகள்

இத்தாலி: 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. இதே முடிவில் சாம்சங் நிறுவனத்துக்கும் 50 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. புதிய வகைப் பேசிக்காக உருவாக்கப்பட்ட ஆண்ட்ராய்டு பதிப்பை, விளைவுகளைத் தெரிவிக்காமல், கேலக்சி நோட் 4 பயனர்கள் நிறுவுமாறு தூண்டியது என்பது அதன் மீதான குற்றச்சாட்டு ஆகும்.

பிரான்சு: பொருள்களின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதை பிரான்சு 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் குற்றமாக்கியிருந்தது. தன்னார்வ அமைப்பு ஒன்றின் முறைப்பாட்டின் பேரில் 2018 சனவரியில் விசாரணை தொடங்கியது. 2020 பெப்ரவரியில் ஆப்பிள் 2.5 கோடி யூரோ தண்டம் செலுத்த உடன்பட்டது. இத்தண்டம் ஆயுளைக் குறைத்ததற்காக அன்றி, இற்றைப்படுத்தல் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்ற தகவலை நுகர்வோருக்குத் தெரிவிக்காமல் விட்டதற்காக விதிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்கா: கூட்டு வழக்கில் 31 கோடி முதல் 50 கோடி டாலர் வரை செலுத்த 2020 மார்ச்சில் ஆப்பிள் இணங்கியது. தவறிழைத்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. 2020 நவம்பரில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களுடன் 11.3 கோடி டாலருக்கு மற்றொரு இணக்கம் ஏற்பட்டது. கூட்டு வழக்கில் கோரிக்கை அளித்த பயனர்களுக்கு 2024 சனவரியில், ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ 92 டாலர் வீதம் வழங்கப்பட்டது. அதற்குள் பாதிக்கப்பட்ட பேசிகளுள் பெரும்பாலானவை விற்பனையிலிருந்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்விளைவுகள்

2025 சனவரியில் கூகுள் நிறுவனம் பிக்சல் 4ஏ பேசிகளுக்கு, மின்கலக் கொள்ளளவையும் மின்னேற்றத் திறனையும் குறைக்கும் இற்றைப்படுத்தல் ஒன்றை வெளியிட்டது. இம்முறை விளைவு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, இலவச மின்கல மாற்றம் உள்ளிட்ட ஈடுகளும் அளிக்கப்பட்டன. ஆயினும் இற்றைப்படுத்தல் தானாகவே நிறுவப்பட்டதால், அதனை மறுக்கும் வழி பயனர்களுக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், திறன்பேசி மின்கலங்கள் 800 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டும் என வரையறுக்கின்றன. 2024 இல் நிறைவேற்றப்பட்ட நெறியாணை ஒன்று, மென்பொருள் இற்றைப்படுத்தல் கருவியின் செயற்பாட்டைப் பாதிக்கும் என்ற தகவலை நுகர்வோரிடமிருந்து மறைப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்நெறியாணை 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும் என விதிக்கப்பட்டது. அது வேகக்குறைப்பைத் தடை செய்யவில்லை. சொல்லாமல் செய்வதையே தடை செய்கிறது.

இவற்றையும் பார்க்க

- திட்டமிட்ட வழக்கொழிவு
- லித்தியம் அயனி மின்கலம்
- ஐஓஎஸ்
- நுகர்வோர் உரிமை