கலம்
தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளி போகும் கோல சிலாங்கூர்ப் பிள்ளைகள் முதலாம் படிவ அறிவியலில் ‘செல்’ படிக்கிறார்கள். தமிழில் செல் என்றால் கரையான். ‘செல்லரித்த ஏடு’ என்கிறோமே, அதுதான். இவர்கள் படிக்கும் செல்லோ ‘செல்லா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது, பொருள் சிற்றறை. 1665இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட வெற்றறைகளுக்கு அப்பெயரை இட்டார். பிறகு அறையின் பெயர் உள்ளிருக்கும் உயிர்ப்பொருளுக்கும் ஆகிவந்தது. நாம் எழுதும் ‘உயிரணு’ எனக்கு நெருடும்: கோடானுகோடி அணுக்கள் சேர்ந்ததை அணு என்பதா? இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. உண்கலம், மரக்கலம் என எதையேனும் ஏந்துவது கலம். தோட்டத்துப் பால்மரப் பட்டைக்குள் பாலை ஏந்தும் குழாய்களும் இடைச்சுவர் கரைந்து இணைந்த கலங்களே. மின்கலத்தில் எப்போதோ ஏற்ற சொல்லை உடலுக்கு மறுப்பானேன்?