பின்களத்தின் வரலாறு: ஆஷாலதா தேவியும் நூறு ஆட்டங்களும்

உதைபந்தாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் கோல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் எந்த நிமிடத்தில் பந்தை வலைக்குள் செலுத்தினார் என்பதை ஏடுகள் தவறாது குறித்து வைக்கின்றன. வலைக்குள் செல்லவிருந்த பந்தை இடைமறித்தவரின் பெயரை அவை குறிப்பதில்லை. நிகழாது தடுக்கப்பட்ட ஒன்றுக்குக் கணக்கேட்டில் இடமில்லை. ஆதலின் பின்கள வீராங்கனை ஒருவரின் ஆட்டவாழ்வை ஆராயப் புகுவோர் வேறோர் அளவுகோலைத் தேட வேண்டியவராகின்றனர். எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆட்டங்கள், எவருடைய ஆதரவுடன் அவர் களத்தில் நிலைத்து நின்றார் என்பதே அவ்வளவுகோலாகும்.

இதற்குப் பழையதோர் எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உண்டு. பிறெஸ்ரன் நகரத் தொழிற்சாலைப் பெண்களைக் கொண்ட டிக் கேர் மகளிர் அணி, 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் ஏறத்தாழ 53,000 பார்வையாளர் முன்னிலையில் விளையாடியது. அணித்தலைவி அலிஸ் கெல் பின்கள வீராங்கனை. அன்று முன்கள வீராங்கனையொருவர் வர இயலாமற் போனமையால், இடைவேளைக்குப் பின்னர் கெல் முன்களத்துக்குச் சென்று மூன்று கோல்களைப் பெற்றார். பின்களத்தில் அவர் ஆற்றிய நெடுங்காலப் பணியினும் பின்களத்தை விட்டு நீங்கிய அந்த ஒரு பிற்பகலே இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், உதைபந்தாட்டம் பெண்களுக்கு உகந்ததன்று எனக் கூறி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மறுத்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. கூட்டம் இருந்தது, திறமையும் இருந்தது. மைதானமும் அமைப்பும் பறிக்கப்பட்டபோது ஒரு தலைமுறையின் ஆட்டவாழ்வு வளர வழியின்றிப் போயிற்று.

நம் காலத்தில் தென்னாசியாவில் இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமானவர் மணிப்பூரைச் சேர்ந்த லொய்தோங்பாம் ஆஷாலதா தேவி. இவர் 1993இல் இம்பாலிற் பிறந்தவர். மணிப்பூர் இந்தியாவின் எல்லைப்புற மாநிலம். 1980இல் அம்மாநிலம் முழுவதும் குழப்பப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டு, ஆயுதப் படையினருக்குச் சிறப்பதிகாரம் வழங்கும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. எனினும், 1990களின் தொடக்கத்தில் ஆரம்பமான தேசிய மகளிர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் மிகுதியான தடவைகள் வாகை சூடிய மாநிலம் மணிப்பூரேயாகும். ஊர்க் கழகம், மாநில அணி, பொலிஸ் அணியில் வேலை என்னும் படிவரிசை அங்கு உருவாகியிருந்தமை இதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஆஷாலதாவுக்கு முன்னோடியான நடுக்கள வீராங்கனை பெம்பெம் தேவி மணிப்பூர் பொலிஸ் சேவையில் இருந்தவாறே விளையாடியவர்; 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

ஆஷாலதா 2011இல் இந்தியாவின் மூத்தோர் அணியில் இடம்பெற்றார். அக்காலத்தில் இந்தியாவில் பெண்களுக்கெனத் தேசியக் கழகத் தொடர் எதுவும் இருக்கவில்லை. ஆகவே ஊதியத்துக்கு விளையாட விரும்பியவர் கடல் கடக்க நேர்ந்தது. 2015இல் அவர் மாலைதீவின் நியூ ரேடியன்ட் கழகத்துக்காக விளையாடினார். 2016-17 பருவகாலத்தில் இந்திய மகளிர் லீக் தொடங்கிய பின்னரே உள்நாட்டில் வழி திறந்தது. 2018-19 பருவகாலத்தில் அவர் மதுரையின் சேது கழகத்தில் ஆடினார். 2019 மே மாதம் லுதியானாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வென்று, அத்தொடரின் வெற்றிக் கிண்ணத்தை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசென்ற கழகம் அதுவாகும். அவ்வாண்டு இந்தியாவின் சிறந்த வீராங்கனை என்னும் விருது ஆஷாலதாவுக்குக் கிடைத்தது. பின்கள வீராங்கனையொருவர் அவ்விருதைப் பெற்றமை கருதத்தக்கது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நேபாளத்தின் பிராத்நகரில் நடைபெற்ற தென்னாசிய மகளிர் சுற்றுப்போட்டியில், அவர் இடம்பெற்ற இந்திய அணி மாலைதீவை 6-0 எனவும், இலங்கையை 5-0 எனவும், பங்களாதேஷை 4-0 எனவும், இறுதியில் நேபாளத்தை 3-1 எனவும் வென்றது. பெற்ற பதினெட்டுக் கோல்களையே செய்திகள் எண்ணின. நான்கு ஆட்டங்களில் ஒரேயொரு கோல் மாத்திரமே விடப்பட்டது என்பதே பின்களத்தின் சாதனையாகும்.

2022ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே காட்டுகிறது. அவ்வாண்டு ஜனவரியில் இந்தியா நடத்திய ஆசியக் கிண்ணப் போட்டியில் அவரே அணித்தலைவி. ஈரானுடனான முதலாட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அதன் பின்னர் அணியினருட் பலருக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டமையால், சீன தாய்ப்பேயுடனான அடுத்த ஆட்டத்துக்கு அணியை நிரப்ப இயலாது இந்தியா போட்டியினின்றும் நீங்கியது. மே மாதத்தில் அவர் கோகுலம் கேரளா கழகத்துக்காக, தம் முன்னைய கழகமான சேதுவுக்கு எதிராகவே லீக் தொடரின் தீர்க்கமான ஆட்டத்தில் இறங்கினார். பின்தங்கியிருந்த தம் அணிக்குத் தண்ட உதையால் சமநிலை ஈட்டிக் கொடுத்தவர் அவரே. ஆட்டம் 3-1 என முடிந்து கிண்ணம் கேரளாவுக்குச் சென்றது. ஓகஸ்டில் ஆசியக் கழகங்களின் போட்டிக்காக கோகுலம் அணி தாஷ்கண்ட் சென்றிருந்தபோது, இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் இடைநிறுத்தியது. நிர்வாகத்தார் பிணக்கினால் எழுந்த அத்தண்டனையின் விளைவாக வீராங்கனையர் களமிறங்காமலே திரும்பினர். இருமுறையும் அவர்களைத் தடுத்து நிறுத்தியது எதிரணியன்று.

இவற்றையெல்லாம் கடந்து, 2024 ஒக்டோபர் 17ஆம் நாள் காத்மண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆஷாலதா தமது நூறாவது சர்வதேச ஆட்டத்தில் விளையாடினார். இந்தியப் பெண்களுள் இவ்வெல்லையை முதலில் எட்டியவர் இவரே. பதின்மூன்று ஆண்டுகாலம் ஒருவர் ஆட்டத்தில் நிலைத்திருப்பது உடல்வலிமையால் மட்டும் அமைவதன்று. பயிற்சிக்கு மைதானமும், உணவுக்கு ஊதியமும், அடுத்த பருவகாலத்துக்கு ஒப்பந்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தாலன்றி அது கைகூடாது.

இவ்விடத்தில் வன்னியின் புதுக்குடியிருப்பை எண்ணிப் பார்த்தல் பொருந்தும். பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் அமைந்த இவ்வூர் 2009ஆம் ஆண்டின் போரில் முற்றாக இடம்பெயர்ந்து, பின்னர் மீளக்குடியேறியது. மணிப்பூரைப் போன்று தலைநகரினின்றும் தொலைவில், போரின் வடுவைச் சுமந்து நிற்பது. வடமாகாணத்துப் பாடசாலை மாணவியர் உதைபந்தாட்டத்தில் வல்லவர் என்பதைத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அகில இலங்கை வெற்றிகள் முன்னரே நிலைநாட்டியுள்ளன. ஆயின் பாடசாலையை விட்டு வெளியேறிய பின் ஏறுவதற்குரிய படி எது? இலங்கையில் வீராங்கனையருக்கு வேலையும் பயிற்சியும் ஒருங்கே வழங்கும் முதன்மையான இடங்களாக முப்படைகளின் அணிகளே இருந்து வந்துள்ளன. போரில் உறவுகளை இழந்த வன்னிக் குடும்பமொன்றின் மகள் அவ்வாயிலின் வழியே எளிதிற் புகமாட்டாள். அவளுக்குத் திறமை இல்லை என்பதன்று குறை. அவள் செல்லத்தக்க வழி வேறொன்று அமைக்கப்படவில்லை என்பதே குறை.

மணிப்பூரின் பெண்ணுக்குப் பொலிஸ் அணிக்கு அப்பால் மதுரையும் கோழிக்கோடும் கதவு திறந்தமையாலேயே ஆட்டம் தொழிலாயிற்று. வன்னியின் பெண்ணுக்கும் படையணிக்கு அப்பாற்பட்ட கழகங்கள், பிரதேச சபைகளின் பராமரிப்பிலுள்ள மைதானங்கள், பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுக்குரிய இடம், பயிற்றுநர் பதவிகள் என்பன வேண்டும். இவற்றைச் சமைப்போரின் பெயர்களும், பின்கள வீராங்கனையின் பணியைப் போலவே, கணக்கேட்டில் ஏறப்போவதில்லை. எனினும் நூறு ஆட்டங்கள் என்னும் எண்ணுக்குப் பின்னால் நிற்பவை இவையே என்பதை ஆஷாலதாவின் வரலாறு தெளிவுறுத்துகின்றது.