பூட்டிய தட்டும் திறந்த தட்டும்

அண்மையில் என் மகனின் பழைய ஆட்டக் கருவியில் வன்தட்டு பழுதடைந்தது. மாற்றுத் தட்டு வாங்குமுன் அதன் வரலாற்றைச் சற்றே புரட்டினேன்.

2001இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ், வன்தட்டை உள்ளடக்கிய முதல் ஆட்டக் கருவியாகக் கருதப்படுகிறது. கொள்ளளவு 8 ஜிகாபைட். ஒவ்வொரு தட்டும் அதனதன் கருவிக்குரிய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்ததால், கடையில் வாங்கிய தட்டை அப்படியே பொருத்த இயலாது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் தட்டைக் கழற்றலாம். எனினும், நிறுவனம் விற்கும் தட்டையே அது ஏற்றது.

2006இல் வந்த பிளேஸ்டேசன் 3 கதவைத் திறந்துவிட்டது. மடிக்கணினிகளில் உள்ள 2.5 அங்குல சாட்டா வன்தட்டு அதற்குப் போதும். உயரம் 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நிமிடத்திற்கு 5400 சுழற்சி போதுமானது. உரிமையாளரே திருப்புளி கொண்டு மாற்றலாம்.

ஆனால், திறந்த கதவுக்குள்ளும் ஒரு பூட்டு உண்டு. தட்டிலுள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், கழற்றிய தட்டைக் கணினியில் இணைத்தாலும் எளிதில் படிக்க இயலாது. தட்டு நலமாயிருக்கும்போதே, ஃபேட் 32 முறையில் வடிவமைத்த வெளித்தட்டில் படியெடுத்து வைப்பதே வழி.

நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. புதிய தட்டு கச்சிதமாகப் பொருந்தியது. மகனின் ஈராண்டு ஆட்டப் பதிவுகள் மட்டும் திரும்பவில்லை. பெற்றோர்களே, தட்டைத் தேர்ந்தெடுக்குமுன் படியெடுங்கள்.