'சில' என்ற சீனச் சொல்



சீனர்கள் பேச்சில் 'சில' என்பதற்கு 'யீஷியே' என்பார்கள். அரசு ஆவணங்களில் 'ருவோகான்' என்று எழுதுவார்கள். எத்தனை என்று சொல்லாத மிடுக்கான சொல் அது.

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 1945, 1981 வரலாற்றுத் தீர்மானங்கள் இரண்டின் தலைப்பிலும் அது உண்டு: 'சில' வரலாற்றுப் பிரச்சினைகள். 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சி பெருந்தவறு என்று 1981-இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாவோவின் சாதனைகளே முதன்மை, தவறுகள் இரண்டாம்பட்சம் என்றும் எழுதினார்கள். எதைப் பேசுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க அந்தச் 'சில' இடம் கொடுத்தது.

2021-இல் வந்த மூன்றாவது தீர்மானத்தின் தலைப்பில் சாதனைகளும் அனுபவங்களும் இருக்கின்றன. ருவோகான் இல்லை, பிரச்சினைகளும் இல்லை.

எந்த ஆவணத்திலும் 'சில' என்று கண்டால், மீதி எவை என்று கேளுங்கள். வரலாறு படிப்பது அதற்குத்தான்.