கூலிக்காக உட்கார்ந்த ஊர்: ஒரு பாலைவனத் தெருவின் கதை

வரலாறு என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தார், யாரை ஜெயித்தார், எப்போது செத்தார் என்று படித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? எகிப்து பாடமும் அப்படித்தான். பிரமிடு, மம்மி, துட்டன்காமன், தங்க முகமூடி, அதோடு சரி.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அந்த ராஜாக்களின் கல்லறைகளை மலைக்குள் குடைந்தார்களே, அந்த ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? பக்கத்து வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை போட்டார்கள்? மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய கூலிக்காரர்களைப் பற்றி இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் தெரிகிறது. அவர்கள் வாங்கிய கடன் கூடத் தெரிகிறது. அந்த ஊரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுவருக்குள் ஒரு தெரு

ஊரின் இன்றைய பெயர் டெய்ர் எல் மதீனா. எகிப்தில் லக்சர் நகரத்துக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் இங்கே ஒரு கிறிஸ்தவ மடம் இருந்ததால் அரபியில் இந்தப் பெயர் வந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அதை வெறுமனே 'ஊர்' என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய வேலை இடத்துக்கு 'சத்தியத்தின் இடம்' என்று பெயர்.

ஊர் உருவானது சுமார் கி.மு. 1500 வாக்கில். சுவரில் கிடைத்த செங்கற்களில் முதலாம் துட்மோஸ் மன்னரின் பெயர் இருக்கிறது. அதன் பிறகு, நடுவில் ஒரு இடைவெளி தவிர, 400 வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் இங்கே வாழ்ந்தார்கள். அப்பா கல்தச்சர் என்றால் பையனும் கல்தச்சர், அப்பா ஓவியர் என்றால் பையனும் ஓவியர்.

ஊரைச் சுற்றி மதில். அதற்குள் கடைசிக் காலத்தில் சுமார் 70 வீடுகள். நடுவில் நீளமாக ஒரு குறுகிய தெரு, இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். தெருவைப் பார்த்து ஒரு அறை, அதற்குப் பின்னால் தூண் வைத்த கூடம், பிறகு ஒரு சின்ன அறை, கடைசியில் அடுப்பும் மாடிப்படியும். நம் ஊர்ப் பக்கம் வாசலில் நின்று பார்த்தால் கொல்லை தெரியுமே, ஏறத்தாழ அந்த மாதிரி.

ஆண்களுக்கு வாரம் என்பது 10 நாள். அதில் 8 நாள் வேலை, 2 நாள் லீவு. குன்றைத் தாண்டி அரசர்களின் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். வேலை நாட்களில் மலை மேலே குடிசைகளிலேயே தங்கிவிடுவார்கள். ஆட்களை 'வலது பக்கம்', 'இடது பக்கம்' என்று இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மேஸ்திரி, எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு கணக்குப்பிள்ளை. செப்பு உளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். விளக்குத் திரியைக் கூட எண்ணித்தான் கொடுப்பார்கள்.

சொட்டுத் தண்ணீர் கிடையாது

இங்கேதான் முக்கியமான விஷயம். அந்த ஊரில் எதுவுமே விளையாது. கிணறு கிடையாது. ஊருக்கு வடக்கே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பிரம்மாண்டமான குழி இருக்கிறது. தண்ணீருக்காகத் தோண்டியிருப்பார்கள் என்று கருதப்படுகிறது. மலையையே குடையத் தெரிந்தவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு நாளும் கீழேயிருந்து கழுதை மேல் தண்ணீர் வந்தாக வேண்டும். தண்ணீர் சுமப்பவர், விறகு வெட்டுபவர், மீன் பிடிப்பவர், காய்கறி கொண்டுவருபவர், குயவர், வண்ணார் என்று ஒரு கூட்டமே இந்த ஊருக்காக அரசாங்கச் சம்பளத்தில் வேலை செய்தது. எந்த வண்ணாருக்கு எந்தெந்த வீடு என்று பட்டியல் கூட இருக்கிறது. சில பட்டியல்களில் எழுத்துக்குப் பதிலாகத் துணியின் படத்தையே வரைந்திருக்கிறார்கள்! தானியம் அரைக்க அரசாங்கம் கொடுத்த அடிமைப் பெண்கள் இருந்தார்கள். இந்த வீட்டுக்கு இத்தனை நாள் என்று அவர்களுடைய உழைப்பும் பங்கு போடப்பட்டது.

கூலி காசாக வராது, தானியமாக வரும். ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை வகை, ஒன்றரை மூட்டை பார்லி. ஒரு மூட்டை சுமார் 77 லிட்டர் கொள்ளும். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மிச்சம் இருந்தால் அதைக் கொடுத்துச் செருப்போ ஆடோ வாங்கலாம்.

யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே திறமையான கலைஞர்கள் குடியிருக்கும் தெரு அது. ஆனால் கீழேயிருந்து கழுதை வரவில்லை என்றால் குடிக்கத் தண்ணீர் கூட இல்லை.

ஓட்டாஞ்சில்லில் எழுதிய ஊர்

எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும் அல்லவா? பாப்பிரஸ் தாள் விலை அதிகம். அதனால் உடைந்த பானை ஓட்டிலும், சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். மழையே இல்லாத இடம் என்பதால் எதுவும் அழியவில்லை. 1922 முதல் 1951 வரை பெர்னார்ட் ப்ரூயேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே தோண்டினார். அந்தப் பெரிய குழியைப் பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் குப்பைக்குழி ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான சில்லுகள் கிடைத்தன.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, வேலைக்கு வராதவர்களின் பட்டியல்! ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் வலி. ஒருவர் இறந்துபோன அம்மாவின் உடலைத் துணியால் சுற்றப் போயிருக்கிறார். ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறார். வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு என்பது கூட லீவுக்குக் காரணமாக இருக்கிறது. நாம் ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லும் காரணங்கள் இவற்றின் பக்கத்தில் கூட வர முடியாது.

சிரிப்பு வராத சில்லுகளும் உண்டு. பாய் என்ற ஓவியர் கண் பார்வை போய்விட்ட நிலையில் மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்று. கண்ணுக்குப் போடத் தேனும் மையும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறார். வாழ்நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் சுவர் ஓவியம் தீட்டுவதே அந்த ஊர் ஓவியர்களின் தொழில். அவருக்குக் கண் போவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பானைக் கொழுப்பும் பதினெட்டு வருடமும்

சண்டை வந்தால் ஊர்க்காரர்களே உட்கார்ந்து பஞ்சாயத்து செய்தார்கள். அதிலும் தீராவிட்டால் சாமியிடம் கேட்பார்கள். முதலாம் அமென்ஹோடெப் மன்னரை அந்த ஊர் தெய்வமாகக் கும்பிட்டது. சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்னால் நகர்ந்தால் 'ஆமாம்', பின்னால் போனால் 'இல்லை'.

மென்னா என்ற தொழிலாளி, மென்ட்மோஸ் என்ற காவல் தலைவருக்கு ஒரு பானைக் கொழுப்பைக் கடனாகக் கொடுத்தார். பதிலுக்குப் பார்லி தருவதாகப் பேச்சு. தரவில்லை. மென்னா பஞ்சாயத்துக்குப் போனார், மறுபடி போனார், விடாமல் போனார். நடுவில் ஒரு ராஜாவே செத்து அடுத்த ராஜா வந்துவிட்டார். மென்னா விடவில்லை. 18 வருடம்! போலீஸ்காரரிடம் கடன் வசூலிப்பது அன்றைக்கும் லேசான வேலை இல்லை போலிருக்கிறது.

இந்த மென்ட்மோஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்.

மூட்டை வரவில்லை

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 1157 வாக்கில், கூலி தானியம் வரவில்லை. 18 நாள் தாமதம். பசி. ஒரு நாள் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி, கீழே இறங்கி, மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்று சொல்கிறார்கள். அமென்னக்த் என்ற கணக்குப்பிள்ளை எழுதி வைத்த அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியில் டூரின் மியூசியத்தில் இருக்கிறது.

மேஸ்திரிகள் வந்து சமாதானம் பேசினார்கள். கேட்கவில்லை. அடுத்து ராம்செஸியம் கோயிலுக்குப் போனார்கள். ஏன் அங்கே? தானியக் கிடங்குகள் இருந்தது அங்கேதான். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, இதை மன்னருக்கும் மந்திரிக்கும் எழுதுங்கள் என்றார்கள்.

அப்போது அவர்களுக்கு யோசனை சொன்னவர் யார் தெரியுமா? காவல் தலைவர் மென்ட்மோஸ். பெரும்பாலும் நம்முடைய அதே கொழுப்புக் கடன்காரர்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், சேத்தியின் கோயிலுக்கு நானே முன்னால் வருகிறேன் என்றார். கொழுப்புக்குக் காசு கொடுக்காத ஆள்தான். ஆனால் ஊர் பசித்தபோது ஊர்ப் பக்கம் நின்றார். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாக்கி தானியம் வந்தது. ஆனால் மறுபடி நின்றது. மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில், நாங்கள் பசியால் மட்டும் வரவில்லை, இந்த இடத்தில் தவறு நடக்கிறது என்றே சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் மன்னரின் முப்பதாம் ஆட்சியாண்டு விழாவுக்காகத் தலைமை மந்திரி தோ அந்தப் பக்கம் வந்து, கோயில் சிலைகளை ஏற்றிக்கொண்டு போனார். ஊருக்கு அவர் வரவில்லை, ஆள் அனுப்பினார். உங்கள் தானியத்தை நான் எடுக்கவில்லை, கிடங்கே காலி, கிடைத்ததைத் தருகிறேன் என்பதுதான் பதில். பாதிக் கூலிதான் வந்தது.

விழாவுக்குப் படகு இருக்கிறது, கூலிக்கு மூட்டை இல்லை. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

பிறகு

வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் ஊர் வாழ்ந்தது. சுமார் கி.மு. 1145ல் நவ்நக்தே என்ற வயதான அம்மா பஞ்சாயத்து முன் நின்று உயில் எழுதினார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், வயதான காலத்தில் என் கையைப் பிடித்தவர்களுக்கே என் சொத்து, திரும்பிப் பார்க்காதவர்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். நன்றாகக் கவனித்துக்கொண்ட ஒரு மகனுக்குக் கூடுதலாக ஒரு உலோகப் பாத்திரம்.

பின்னால் வந்த ராஜாக்கள் காலத்தில் கூலி மேலும் தட்டுப்பட்டது. மேற்கிலிருந்து லிபியர்கள் வரும் பயத்தால் வேலை நின்ற நாட்களும் பதிவாகியிருக்கின்றன. கடைசியில், பதினோராம் ராம்செஸ் காலத்துக்குள், ஜனங்கள் மதிலுக்குள் பாதுகாப்பாக இருந்த மெதினெத் ஹபு கோயிலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தெரு காலியானது.

இதைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவர்கள் குடைந்த ராஜாக்களின் கல்லறைகள் பெரும்பாலும் பழங்காலத்திலேயே கொள்ளை போய்விட்டன. குப்பை என்று குழியில் போட்ட ஓட்டாஞ்சில்லுகளை யாரும் தொடவில்லை. இத்தனை மூட்டை வர வேண்டும், இத்தனைதான் வந்தது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அவர்களால் கிடங்கின் முன்னால் போய் உட்கார்ந்து கேட்க முடிந்தது. நமக்கு அவர்களைத் தெரிவதும் அதே கணக்கால்தான்.

எங்கள் வீட்டில் பாட்டி தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். மாதம் முடிந்ததும் அதைக் கிழித்துப் போடுவது என் வேலை. இந்த மாதம் கிழிக்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன்.