முப்பதா, முப்பத்தைந்தா?

குடவோலைக்குப் பெயர் எழுத என்ன வயது வேண்டும் என்று கேட்டால், எங்கள் உத்திரமேரூரில் இரண்டு பதில் வரும். ஒருவர் 30 முதல் 60 என்பார். மற்றவர் 35 முதல் 70 என்பார். இரண்டுமே சரிதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) செய்த விதியை 14ஆம் ஆண்டில் (921) சபையே திருத்தியது. எந்தக் கல்வெட்டு என்று சொல்லாமல் பேசுவதால்தான் வாக்குவாதம்.

ஆய்வாளர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, பிறகு கல்வெட்டுத் துறை படியெடுத்த ஆண்டும் எண்ணும். நம் ஊர்க் கல்வெட்டுகள் 1898ஆம் ஆண்டுப் பட்டியலில் 1, 2. அச்சிடும்போது, கல்லில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். விடுபட்டதைத் தாமே சேர்த்தால் உடுக்குறி இடுவார்கள். கல் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஊர் வரலாறு எழுதத் தொடங்கியபோது இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றது அந்தச் சபை. எழுதுகிறவனுக்குச் சான்று எண்தான் கணக்கு.