கயாக்கும் கட்டுமரமும்

சென்ற பருவத்தில் ஒரு நாள் வரலாற்றுப் பாடவேளையில், இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய விரைவுக் கப்பல் ஒன்றின் படத்தை மாணவர்க்குக் காட்டினேன். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இதற்குக் கட்டமரான் என்று பெயர். அது நம்முடைய கட்டுமரம். ஆகையால் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள்" என்றான். வகுப்பே கைதட்டியது. அவனை அடுத்து, முகாமுக்குச் சென்று ஏரியில் கயாக் ஓட்டிவிட்டு வந்த இன்னொருவன் எழுந்தான். "அப்படியானால் கயாக்கைக் கண்டுபிடித்தது யார், ஐயா?" என்று கேட்டான்.

இரண்டாம் வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் முதல் விடையில் இருந்த பிழை எனக்குத் தெரிந்தது. அந்தப் பிழையை அச்சிறுவனுக்குக் கற்பித்தவன் நானே. பல ஆண்டுகளாக அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே, மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் மனிதன் தேர்ந்துகொண்ட சிறுபடகுகளின் வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

பனிக்கடலின் படகு

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா முதலிய பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களும் அவர்களுடைய இனத்தவரும் படைத்த படகு. அந்நிலத்தில் மரம் வளர்வதில்லை. கடல் அடித்துக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் கட்டைகளும், திமிங்கில எலும்பும், கடல்நாயின் தோலுமே அவர்களுக்குக் கிடைத்த பொருள்கள். கட்டைகளைச் செதுக்கி நரம்பினால் கட்டிச் சட்டம் அமைப்பர் ஆடவர். அச்சட்டத்தின்மேல் தோலை நீர் புகாதவாறு தைத்து மூடுவர் மகளிர். ஓர் ஆள் இடுப்பளவு நுழையும் துளை மட்டுமே மேலே விடப்படும்.

இப்படகை விலைக்கு வாங்கித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இருந்ததில்லை. வேட்டைக்காரனின் உடம்பே அதற்கு அளவுகோல். கைகளை விரித்த நீளத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டிகளைச் சேர்த்தால் வருவது அதன் அகலம். இவ்வளவுகள் ஊருக்கு ஊர் சிறிது மாறும். எனினும், ஒருவனுக்குத் தைத்த சட்டை மற்றவனுக்குப் பொருந்தாததுபோல, ஒருவனுடைய கயாக்கும் மற்றவனுக்கு எளிதில் பொருந்தாது.

அதன் வேலை கடல்நாய் வேட்டை. தாழ்ந்து ஒடுங்கிய உருவமும் ஓசையற்ற துடுப்பும் விலங்கின் அருகே செல்ல உதவின. எறியும் ஈட்டியின் முனை கழன்று விலங்கின் உடலில் தங்கிவிடும். முனையோடு கட்டிய வாரின் மறுகோடியில், தோலால் செய்து காற்றடைத்த மிதவை ஒன்று உண்டு. அது விலங்கை அயர்த்துவதோடு, இறந்தபின் மூழ்கிவிடாமலும் தடுக்கும். படகு கவிழ்ந்தால் வேட்டைக்காரன் வெளியே வருவதில்லை. துடுப்பை வீசி, படகோடு சேர்ந்து புரண்டு நிமிர்வான். பனிக்கடலில் சிறிது நேரம் நனைந்து கிடந்தாலும் உயிர் போய்விடும். ஆகவே நீரை உள்ளே விடாமையே கயாக்கின் முதல் இலக்கணம் ஆயிற்று.

தோல் போர்த்த படகு தமிழர்க்குப் புதிதன்று. காவிரியில் ஒகேனக்கல் பகுதியில் ஓடும் பரிசலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, அதன்மேல் முற்காலத்தில் எருமைத்தோலைப் போர்த்தினர். இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பயன்படுகின்றன. வட்ட வடிவினதாகையால் பரிசல் விரைந்து செல்லாது. ஆனால் பாறைகளுக்கிடையே சுழலும் ஆற்றில் மோதினாலும் எளிதில் உடையாது, தோளில் சுமந்தும் செல்லலாம். பனிக்கடலோரத்தாரும் காவிரிக்கரையாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டனர். உருவத்தை முடிவு செய்தது அவரவர் நீர்நிலை.

சங்க நூல்களில் எறியுளி

கடல்நாய் வேட்டைக்கு ஒப்பான ஒன்று நம் நூல்களில் உண்டா? உண்டு. சங்கப் பாடல்கள் மீன்பிடித்தலையே பல இடங்களில் 'வேட்டம்' என்று சொல்கின்றன. நெய்தல் நிலப் பரதவர் வலை வீசியதோடு நில்லாமல், பெருமீன்களை எறிந்து கொன்றும் வாழ்ந்தனர். நற்றிணையின் 388ஆம் பாட்டில், கோடியில் கயிறு கட்டிய எறியுளியோடு வலிய திமிலில் ஏறி, விளக்கேற்றிக்கொண்டு நள்ளிரவில் வேட்டத்துக்குச் செல்லும் பரதவரைக் காண்கிறோம். விடியலில் மீனோடு கரை சேர்ந்து, புன்னை நிழலில் சுற்றத்தோடு கள்ளுண்டு களிக்கின்றனர். குறுந்தொகையின் 304ஆம் பாட்டில், காய்ந்த மூங்கிலைக் காம்பாகக் கொண்ட கூரிய எறியுளியைத் திமிலிலிருந்து வீசிக் கொம்புடைய மீனை எறிகின்றனர். அதைப் பாடியவர் கணக்காயன் தத்தன். கணக்காயன் என்றால் ஆசிரியன் என்று பொருள். வகுப்பறையில் இருந்த ஒருவர் கடற்கரைத் தொழிலை இவ்வளவு நுணுகிப் பார்த்திருக்கிறார் என்பது என் போன்றோர்க்கு ஒரு பாடமாகும்.

கயிறு கட்டிய ஈட்டியும், அதைத் தாங்கிச் செல்லும் சிறுபடகும், இருளையோ அமைதியையோ துணைக்கொள்ளும் வேட்டைக்காரனும் இரு கடல்களிலும் இருந்தனர். இதைக் கொண்டு ஒருவர் மற்றவரிடம் கற்றனர் என்று கூறிவிடக் கூடாது. ஒரே தேவை ஒரே கருவியைப் பல இடங்களில் பிறப்பிக்கும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் முடிவு.

திமில், அம்பி, புணை, தோணி, ஓடம், வங்கம், நாவாய் எனப் பழந்தமிழில் நீரூர்திகளுக்குப் பல பெயர்கள் உள்ளன. ஆற்றைக் கடக்க ஒன்று, மீன் வேட்டைக்கு ஒன்று, கடல் வாணிகத்துக்கு ஒன்று எனத் தொழிலுக்கேற்பக் கலத்தைத் தேர்ந்த மக்களிடமே இத்தனை சொற்கள் தோன்ற முடியும்.

கட்டுமரத்தின் அறிவு

இனிக் கட்டுமரத்துக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலைகள் கரையை அடுத்து வரிசை வரிசையாக உடைகின்றன. உட்குழிவான படகு அவ்வலைகளில் சிக்கினால் நீர் நிறைந்து மூழ்கும். அதனால் அக்கரை மீனவர் உட்குழிவே இல்லாத கலம் ஒன்றைச் செய்துகொண்டனர். வாகை இனத்து மரம், மலைவேம்பு போன்ற இலேசான மரத்தடிகளைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகப் பிணைத்தனர். அதுவே கட்டுமரம். அலை மேலேறினால் தடிகளின் இடுக்குகளில் நீர் வடிந்துவிடும். நிறைவதற்கு இடமே இல்லாததால் அது நீர் நிறைந்து அமிழ்வதில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

கயாக் நீரை வெளியே தடுத்தது, கட்டுமரமோ வந்த நீரைப் போகவிட்டது. வெதுவெதுப்பான கடலில் உடம்பு நனைவதால் கேடில்லை என்பதால் அம்முறை தமிழ்நாட்டுக் கரைக்குப் பொருந்திற்று. கட்டுமரத்தைப் பனிக்கடலுக்குக் கொண்டுபோனால் அதில் ஏறியவன் குளிரால் மடிவான். கயாக்கைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்தால் அதன் மெல்லிய தோல், அலை தூக்கி மணலில் மோதும்போது கிழியும். எது சிறந்தது என்ற கேள்விக்கு இடமே இல்லை.

கட்டுமரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் முறை உண்டு. கரையோரத்தில் ஓரிருவர் தொழில் செய்ய மூன்று தடிகள் போதும். ஆழ்கடலில் வலையோடு செல்ல மேலும் தடிகள் சேர்ப்பர். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப் போவதால், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் உலர்த்துவர்.

சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்களே கடிதம் கொண்டு சென்றனர். தலையிலிருந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு அலைகளைக் கடந்தனர். பயணிகளை ஏற்றிய மசூலாப் படகுகள் கவிழ்ந்தால், நீரில் விழுந்தோரைத் தூக்கவும் கட்டுமரங்கள் உடன் சென்றன. அம்மசூலாப் படகும் ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்ததே. அலை அடிக்கும்போது வளைந்து கொடுப்பதற்காக அவ்வாறு செய்தனர்.

சொல் நம்முடையது, கப்பல்?

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லி வருணித்தார். ஒன்றிரண்டு தடிகளாலான சிறு மிதவையையே அவர் குறிப்பிட்டார். இரட்டை உடல் கொண்ட கலம் அவர் கண்டதன்று. அத்தகைய கலம் பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்களுடையது. ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் அவர்கள் குடியேற உதவியது அதுவே. ஐரோப்பாவில் வில்லியம் பெட்டி 1662இலேயே இரட்டை உடல் கப்பல் ஒன்றைக் கட்டினார். அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் 1876இல் செய்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடல் படகு பந்தயத்தில் புகழ் பெற்றது. தடிகளைக் கட்டிய மிதவைக்குரிய தமிழ்ச் சொல், காலப்போக்கில் இரண்டு உடல்களை இணைத்த கலத்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று.

எனவே சொல் தமிழ். இரட்டை உடல் அமைப்புத் தமிழர் கண்டதன்று. இதனால் நம் பெருமை குறைவதில்லை. நம்முடையதல்லாத இரட்டை உடலை உரிமை கொண்டாடும் வேகத்தில், நம்முடையதான அரிய அறிவை நாம் மறந்துவிட்டோம் என்பதே வருந்தத் தக்கது. நீர் நிறைய முடியாத படகு என்னும் அவ்வறிவே உண்மையான பெருமைக்குரியது.

கிள்ளான் கரையில்

நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கும் சிறுபடகின் வரலாற்றில் இடம் பெற்றதே. பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் இரண்டு டோங் சோன் வெண்கல முரசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை ஒரு மரப்பலகையின்மேல் வைக்கப்பட்டிருந்தன. அப்பலகை ஒரு படகின் பகுதி என்று ஆய்வாளர் கருதினர். வடவியட்நாமில் தோன்றிய ஒரு கலையின் சின்னம் இக்கரைக்கு வந்தது கடல்வழியே ஆகும்.

1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு கூடும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து அம்பாங் சென்றனர். காய்ச்சலால் அவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். ஆயினும் அந்தப் படகுத்துறையிலிருந்தே கோலாலம்பூர் வளர்ந்தது. 1886இல் இருப்புப்பாதை அமைந்து, பிரிக்பீல்ட்ஸில் நம்மவர் இரயில்வே தொழிலாளராகக் குடியேறிய பிறகு, ஆற்றுப் படகின் தேவை குறைந்தது. கேரித் தீவில் வாழும் மா மெரி மக்களோ சதுப்புக்காட்டையும் கடலையும் ஒட்டிய வாழ்வை இன்றும் போற்றி, கடலுக்கு வழிபாடு செய்கின்றனர். மலாய் மொழியில் ஒற்றை மரத்தைக் குடைந்த படகுக்கு ஜாலூர் என்று பெயர். கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' என்ற மலாய்ச் சொல் தமிழிலிருந்து வந்தது என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளலாம்.

வேட்டைப் படகின் இயல்பு போரிலும் பயன்பட்டது. 1943 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரைட்' என்னும் பழைய மீன்பிடிப் படகில் வந்த குழுவைச் சேர்ந்த ஆறு பேர், மூன்று மடிப்புக் கயாக்குகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துள் ஓசையின்றி நுழைந்து, ஜப்பானியர் வசமிருந்த கப்பல்களில் வெடிகளைப் பொருத்தினர். ஆறேழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன. இது உள்ளூரார் செயலென்று எண்ணிய ஜப்பானியர் அக்டோபர் 10இல் சிங்கப்பூரில் பலரைப் பிடித்து வதைத்தனர். தாழ்ந்து ஒலியின்றிச் செல்லும் படகின் திறமைக்கு, அதைக் கண்டிராதவர்களும் விலை கொடுக்க நேர்ந்தது.

இன்று தேர்ந்தெடுப்போர்க்கு

இன்று இந்நாட்டில் பொழுதுபோக்காக மீன்பிடிக்கக் கயாக் வாங்குவோர் பலர். அவர்கள் வாங்குவதில் பெரும்பாலானவை மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வகை. அதன் தளத்தில் துளைகள் இருக்கும். ஏறிய நீர் அவ்வழியே வடியும். பெயர் இனுயிட் மக்களுடையதாயினும், நீரைத் தடுக்காமல் போகவிடும் அதன் முறை கட்டுமரத்தோடு ஒத்திருப்பது காண்க. வெப்ப நாட்டுக் கடலுக்கு எது ஏற்றதோ அதுவே மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நீண்டு ஒடுங்கியது விரைந்து செல்லும். அகன்றது அசையாமல் நிற்கும். தூண்டில் போடுவோர்க்கு அகன்றதே தக்கது. கிள்ளான் கடலோரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேலும் மாறுவதுண்டு. வற்றம் தொடங்கிய பின் சதுப்புக்காட்டு ஓடையில் தங்கினால் சேற்றில் சிக்க நேரும். பெருங்கப்பல் செல்லும் வழியில் தாழ்ந்த சிறுபடகு மாலுமியின் கண்ணுக்குத் தெரியாது. மிதவைச் சட்டையின்றி நீரில் இறங்கலாகாது. வேட்டை என்றால், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும், முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்ட உயிர்களைத் தொடவே கூடாது. எறியுளியின் காலம் கடந்துவிட்டது.

கட்டுமரத்தின் காலமும் கடந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் எண்ணற்ற கட்டுமரங்களை அழித்தது. முன்பே தொடங்கியிருந்த கண்ணாடியிழைப் படகுகளின் பரவல் அதன்பின் விரைவு பெற்றது. மீனவர் அவற்றை விரும்பியதில் குற்றமில்லை. உழைப்பு குறைகிறது, தொலைவும் செல்லலாம். ஆனால் எந்தத் தடியை நடுவில் வைப்பது, எந்தக் கட்டை எப்போது அவிழ்ப்பது என்ற அறிவு முதியோரோடு மறைந்தால் சொல் மட்டுமே நம்மிடம் எஞ்சும். பொருளை அறிந்தவர் இருக்கும்போதே அதனை எழுதி வைத்தல் வேண்டும்.

அடுத்த பாடவேளையில் என் பிழையை மாணவரிடம் ஒப்புக்கொண்டேன். கைதட்டிய சிறுவர்களின் முகம் முதலில் வாடிற்று. பின்னர் மூன்று பென்சில்களை நூலால் கட்டித் தண்ணீர்ச் சட்டியில் மிதக்கவிட்டு, மேலே நீரை ஊற்றச் சொன்னேன். ஒருவன் மாற்றி ஒருவன் வந்து ஊற்றினான். அது அமிழவில்லை. மணி அடித்த பிறகும் அவர்கள் சட்டியை விட்டு நகரவில்லை.